சுவிஸ் ரயில், படகுப் பயணமும் பாஸ்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுவிட்சர்லாந்துக்குச் சுற்றுலா போகிறவர்கள் பாஸ் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்குப் பதில்கள் இங்கே. விலைகள் எல்லாம் சுவிஸ் பிராங்கில், ஒரு பெரியவருக்கு, இரண்டாம் வகுப்புக்கு. அங்கே ஆண்டுதோறும் டிசம்பர் நடுவில் கால அட்டவணை மாறும், விலையும் ஏறலாம். ஆகவே தொகைகளைத் தோராயமாக எடுத்துக்கொண்டு, வாங்கும் நாளில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் பாஸ் வாங்கிவிட்டு அப்புறம் ஊர்களை முடிவு செய்யலாமா?

வேண்டாம். முதலில் ஒரு தாளில் நாள்வாரியாக எங்கே தங்குகிறீர்கள், எங்கே போகிறீர்கள் என்று எழுதுங்கள். அதிலும் படகுப் பயணங்களை முதலில் குறித்துவிடுங்கள். பெரிய ஊர்களுக்கு இடையே ரயில் அரை மணிக்கு ஒன்று, கிராமத்துப் பாதையில்கூட மணிக்கு ஒன்று ஓடும். ஒன்றைத் தவறவிட்டால் அடுத்தது வந்துவிடும். படகு அப்படியில்லை. சில ஏரிகளில் ஒரு நாளைக்கு நாலைந்து முறைதான், அதுவும் பருவத்துக்கு ஏற்ப மாறும். படகு நேரத்தை நடுவில் வைத்து, ரயிலை அதற்கு முன்னும் பின்னும் பொருத்தினால் திட்டம் தானாக அமைந்துவிடும். பலரும் ரயிலை வைத்து நாளை நிரப்பிவிட்டு, மிச்ச நேரத்தில் படகைத் தேடுகிறார்கள். அப்போது கடைசிப் படகு போயிருக்கும்.

சுவிஸ் டிராவல் பாஸில் என்னென்ன அடங்கும்?

வெளிநாட்டுப் பயணிகளுக்கான பாஸ் இது. 3, 4, 6, 8, 15 நாட்களுக்குக் கிடைக்கும். ரயில், மஞ்சள் நிறத் தபால் பேருந்து, ஏரிகளில் அட்டவணைப்படி ஓடும் படகுகள், தொண்ணூறுக்கும் மேற்பட்ட ஊர்களின் டிராம், நகரப் பேருந்து எல்லாம் அடக்கம். ஐந்நூறுக்கும் மேற்பட்ட அருங்காட்சியகங்களுக்கும் இதுவே நுழைவுச் சீட்டு. ஜெனீவா ஏரிக்கரையில் இருக்கும் சியோன் கோட்டை அதில் ஒன்று.

மலை விஷயத்தில்தான் குழப்பம். ரிகி, ஸ்டான்சர்ஹோர்ன், ஸ்டூஸ் மூன்றுக்கும் பாஸ் இருந்தால் தனிச் செலவு கிடையாது. பிலாட்டஸ், டிட்லிஸ், செர்மாட்டின் கோர்னர்கிராட் ஆகியவற்றுக்குப் பாதி விலை. யுங்ஃபிராவ்யோக் போக வெறும் கால் பங்குதான் தள்ளுபடி. "எல்லாம் இலவசம்" என்று ஏஜென்ட் சொன்னால், எந்த மலை என்று பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

ஹாஃப் ஃபேர் கார்டு என்பது வேறா?

வேறு. இது ஒரு மாதம் செல்லும் தள்ளுபடி அட்டை. கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பயணத்துக்கும் பாதி விலையில் டிக்கெட் எடுக்க வேண்டும். ரயில், படகு, பேருந்து, அநேகமாக எல்லா மலை ரயிலுக்கும் பாதி. நீண்ட காலம் இதன் விலை 120 பிராங்காக இருந்தது.

சரி, எதை வாங்கினால் லாபம்?

இதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். பாஸ் விலையிலிருந்து ஹாஃப் ஃபேர் கார்டின் விலையைக் கழியுங்கள். மிச்சத்தை இரண்டால் பெருக்குங்கள். உங்கள் பயணங்களின் முழுக் கட்டணம் அந்தத் தொகையைத் தாண்டினால் பாஸ் லாபம், தாண்டாவிட்டால் கார்டு லாபம்.

2024 விலையை வைத்தே பார்ப்போம். 6 நாள் பாஸ் 379, கார்டு 120. வித்தியாசம் 259, இரட்டித்தால் 518. அதாவது ஆறு நாளில் முழு விலைக்கு 518 பிராங்குக்கு மேல் பயணம் செய்தால்தான் பாஸ் ஜெயிக்கும்.

இப்போது ஒரு சராசரித் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சூரிச் விமான நிலையத்திலிருந்து லூசெர்னுக்கு ஏறக்குறைய 30. லூசெர்னிலிருந்து படகில் போய் ரிகி ஏறி இறங்கித் திரும்ப 120 ஆகும். லூசெர்னிலிருந்து பிரியென்ஸ் வரை ரயில், அங்கிருந்து இண்டர்லாக்கனுக்குப் படகு என்றால் 60-ஐ ஒட்டி வரும். இண்டர்லாக்கனிலிருந்து செர்மாட் சுமார் 80. இவற்றோடு செர்மாட்டிலிருந்து ஜெனீவா வரும் செலவையும் சேர்த்தால்கூட 400-ஐ ஒட்டித்தான் நிற்கிறது. இந்தத் திட்டத்துக்குக் கார்டுதான் மலிவு. பாஸை விளம்பரப்படுத்துகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுவதில்லை.

ஆனால் நாட்கள் கூடக்கூட நிலைமை மாறும். 15 நாள் பாஸ் அதே ஆண்டில் 459 பிராங்க். அதே கணக்கைப் போட்டால் 678 வரும், நாளுக்கு 45 பிராங்க்தான். இரண்டு வாரம் ஊர் ஊராகச் சுற்றுகிறவர் அதைத் தூக்கத்திலேயே தாண்டிவிடுவார். மூன்று நாள், நான்கு நாள் பாஸ்களில்தான் பணம் வீணாக வாய்ப்பு அதிகம்.

கணக்கில் வராத ஒன்றும் உண்டு. பாஸ் கையில் இருந்தால் கரையில் நிற்கும் படகில் சும்மா ஏறி, இரண்டு துறை தள்ளி இறங்கி, பேருந்தில் திரும்பலாம். ஒவ்வொரு தடவையும் டிக்கெட் எடுக்க வேண்டும் என்றால் அந்த ஆசையே வராது. ஏரியும் படகும்தான் உங்களுக்கு முக்கியம் என்றால், 30, 40 பிராங்க் கூடப் போனாலும் பாஸ் எடுங்கள் என்பேன். மலை உச்சிகள்தான் முக்கியம் என்றால் கார்டு.

யுங்ஃபிராவ்யோக் கட்டாயம் போக வேண்டும். அதற்கு எது சரி?

கார்டு. 3454 மீட்டர் உயரத்தில் இருக்கும் அந்த நிலையத்துக்கு 1912-லிருந்து ரயில் ஓடுகிறது, கட்டணமும் அந்த உயரத்துக்கு ஏற்றதுதான். கோடையில் இண்டர்லாக்கனிலிருந்து போய்வர முழு விலை 200 பிராங்குக்கு மேல். டிராவல் பாஸில் கிரிண்டல்வால்ட் அல்லது வெங்கன் வரை செலவில்லை, அதற்கு மேல் கால் பங்கு தள்ளுபடி. கார்டு இருந்தால் அடியிலிருந்து உச்சி வரை பாதி.

வானம் மூடியிருந்தால் போகாதீர்கள். மேலே வெள்ளையைத் தவிர எதுவும் தெரியாது. ஒவ்வொரு மலை நிலையத்திலும் நேரடிக் கேமரா இருக்கிறது, காலையில் எழுந்ததும் அதைப் பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள்.

ஃபிளெக்ஸ் பாஸ் என்றால் என்ன?

சாதாரண பாஸின் நாட்கள் தொடர்ச்சியாக ஓடும். ஃபிளெக்ஸில் ஒரு மாதத்துக்குள் வேண்டிய நாட்களை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். விலை சற்றுக் கூடுதல். பயண நாள் ஒவ்வொன்றையும் ஏறுவதற்கு முன் இணையத்தில் இயக்கிவிட வேண்டும். ஏறிய பிறகு, பரிசோதகரைக் கண்டதும் இயக்கினால் அது டிக்கெட் இல்லாத பயணம்தான்.

ஃபிளெக்ஸ் வாங்குகிறவர்கள் விருந்தினர் அட்டையை மறக்கக் கூடாது. பல ஊர்களில் ஹோட்டலில் தங்கினாலே உள்ளூர்ப் போக்குவரத்துக்கான அட்டை தருவார்கள். பெர்ன், பாசல், ஜெனீவா, லூசெர்ன், இண்டர்லாக்கன் எல்லாவற்றிலும் இது உண்டு. இத்தாலி எல்லையை ஒட்டிய திச்சினோ மாநிலத்தில் மாநிலம் முழுவதும் ரயிலும் பேருந்தும் செலவில்லாமல் போகலாம். அப்படிப்பட்ட நாட்களில் பாஸ் நாளைச் செலவழிக்காதீர்கள்.

குழந்தைகளுக்கு?

6 வயதுக்குக் கீழே டிக்கெட்டே வேண்டாம். 6 முதல் 15 வரை, பாஸோ கார்டோ வைத்திருக்கும் அப்பா அல்லது அம்மாவுடன் போனால் சுவிஸ் ஃபேமிலி கார்டில் இலவசம். இதற்குத் தனிப் பணம் கிடையாது, பாஸ் வாங்கும்போதே கேட்டு வாங்க வேண்டும், கேட்காவிட்டால் வராது. தாத்தா பாட்டியுடனோ சித்தப்பாவுடனோ மட்டும் போகும் பிள்ளைக்கு இது செல்லாது, பாதி விலை கட்ட வேண்டும். 16 முதல் 24 வயது வரை உள்ளவர்களுக்கு பாஸ் விலையில் 30 சதவீதம் குறைவு.

சூரிச்சில் இருக்கும் மாமா குடும்பமும் எங்களோடு வருகிறார்கள். அவர்களுக்கும் டிராவல் பாஸ் எடுக்கலாமா?

முடியாது. சுவிட்சர்லாந்திலும் லிக்டென்ஸ்டைனிலும் வசிப்பவர்களுக்கு இந்த பாஸ் கிடையாது. அநேகமாக அவர்களிடம் ஏற்கெனவே ஹால்ப்டாக்ஸ் இருக்கும், அதுதான் அவர்களுடைய வருடாந்திரப் பாதி விலை அட்டை. அவர்கள் பிள்ளைகளுக்கு ஜூனியர் கார்டு, வருடத்துக்கு 30 பிராங்க். நாள் முழுக்கச் சுற்றும் திட்டம் என்றால் ஊராட்சி அலுவலகங்களில் விற்கும் மலிவு நாள் சீட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். ஹால்ப்டாக்ஸ் உள்ளவர்களுக்கு, முன்கூட்டியே எடுத்தால், 39 பிராங்கில் நாடு முழுவதும் ஒரு நாள். ஒவ்வொரு நாளுக்கும் குறிப்பிட்ட எண்ணிக்கைதான் விற்பார்கள், விடுமுறைக் காலத்தில் சீக்கிரம் தீரும்.

எந்தப் படகுப் பயணத்தை விடக் கூடாது?

ஒன்றே ஒன்று என்றால் லூசெர்ன் ஏரி. ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரிலேயே படகுத்துறை. இந்த ஏரியில் ஐந்து பழைய நீராவிப் படகுகள் இன்னும் ஓடுகின்றன. மூத்தது 1901-இல் வந்த ஊரி, இளையது 1928-இல் வந்த ஸ்டாட் லூசெர்ன். பக்கவாட்டில் பெரிய துடுப்புச் சக்கரம், நடுவில் எண்ணெய் மின்ன அசையும் எந்திரம். மேலிருந்து எட்டிப் பார்க்க அதைத் திறந்தே வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளை அங்கிருந்து நகர்த்துவது கஷ்டம், அப்பாக்களை நகர்த்துவது அதைவிடக் கஷ்டம். எந்தப் பயணத்துக்கு நீராவிப் படகு வருகிறது என்பதை அட்டவணையிலேயே குறித்திருப்பார்கள். இதற்காகவே நேரத்தை மாற்றி வைத்துக்கொள்வது தகும்.

நல்ல ஒரு நாள் திட்டம் சொல்கிறேன். காலைப் படகில் லூசெர்னிலிருந்து விட்ஸ்னாவ், ஒரு மணி நேரம். துறையை ஒட்டியே ரிகி பல்சக்கர ரயில் நிற்கும். 1871-இல் தொடங்கிய இதுதான் ஐரோப்பாவின் முதல் மலை ரயில். அரை மணியில் 1798 மீட்டர் உச்சியை ஒட்டி இறங்கலாம். வந்த வழியே திரும்பாதீர்கள். இறங்கும்போது பாதியில் கால்ட்பாடில் இறங்கி, ரோப் காரில் வெக்கிஸ் போய், அங்கிருந்து படகைப் பிடியுங்கள். இல்லையென்றால் மறுபக்கம் ஆர்த்-கோல்டாவுக்கு ரயிலில் இறங்கி, அங்கிருந்து லூசெர்ன் ரயில். எப்படிப் போனாலும் டிராவல் பாஸிலேயே முடிந்துவிடும். மாலைப் படகு போய்விட்டாலும் பயமில்லை, வெக்கிஸிலிருந்து கூஸ்நாக்டுக்குப் பேருந்து இருக்கிறது, அங்கே ரயில் கிடைக்கும்.

நேரம் இருக்கிறவர்கள் ஏரியின் அடுத்த முனையான ஃபுளூலன் வரை போகலாம், மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. ஏரி வளைந்து வளைந்து போகும், ஒவ்வொரு திருப்பத்திலும் மலைகள் கிட்டே வரும். 1291-இல் சுவிஸ் கூட்டமைப்புக்கு உறுதிமொழி எடுத்த இடம் என்று மரபாகச் சொல்லப்படும் ரூட்லி புல்வெளியையும் வழியில் பார்க்கலாம். ஃபுளூலனில் படகிலிருந்து இறங்கியதும் ரயில் நிலையம்தான்.

அடுத்தது பிரியென்ஸ் ஏரி. தண்ணீர் பச்சையும் நீலமும் கலந்த நிறம், பனிப்பாறை அரைத்துக்கொண்டுவரும் நுண்துகள்தான் காரணம். லூசெர்னிலிருந்து இண்டர்லாக்கனுக்கு ரயிலில் போகிறவர்கள் பிரியென்ஸில் இறங்கிவிடுங்கள். நிலையத்தின் வாசலிலேயே துறை. அங்கிருந்து இண்டர்லாக்கன் ஓஸ்ட் (கிழக்கு நிலையம்) ஒன்றேகால் மணி. மொத்தத் திட்டத்தில் ஒன்றரை மணி நேரம்தான் கூடும். வழியில் கீஸ்பாக் அருவி, இசெல்ட்வால்ட் கிராமம். கொரியத் தொடர் ஒன்றால் பெயர் பெற்ற அந்தக் கிராமத்து மரத்துறையில் நின்று படம் எடுக்க 2023-லிருந்து 5 பிராங்க் வாங்குகிறார்கள். படகில் இருந்தபடி பார்த்தாலே போதும் என்பது என் எண்ணம்.

துன் ஏரி அகலமானது, அமைதியானது. 1906-இல் கட்டிய புளூம்லிசால்ப் நீராவிப் படகு இங்கே ஓடுகிறது. ஜெனீவா ஏரியில் மோன்ட்ரூவிலிருந்து சியோன் கோட்டைக்குப் படகில் போய் இறங்கலாம். சூரிச் ஏரி, விமானத்துக்கு மூன்று நாலு மணி நேரம் மிச்சமிருந்தால்.

குளிர்காலத்தில் படகு ஓடுமா?

லூசெர்ன், துன், ஜெனீவா ஏரிகளில் குறைத்து ஓட்டுவார்கள். பிரியென்ஸில் வழக்கமான பயணங்கள் வசந்தம் முதல் இலையுதிர்காலம் வரைதான். நீராவிப் படகுகளும் பெரும்பாலும் கோடைக்கே. படகை நம்பிப் போகிறவர்களுக்கு மே கடைசி முதல் செப்டம்பர் வரை நல்ல காலம். பிலாட்டஸின் பல்சக்கர ரயிலும் குளிர்காலத்தில் நின்றுவிடும், ரோப் கார் மட்டும் ஓடும். நவம்பருக்குப் பிறகு ஏரி மேல் மூடுபனி நாள்கணக்கில் கவிந்து நிற்பதும் உண்டு. அந்த நாட்களில் மேலே ரிகியில் பளிச்சென்று வெயில் அடிக்கும்.

பனோரமா ரயில்களுக்கு பாஸ் மட்டும் போதுமா?

காட்சிக்காகவே பெரிய கண்ணாடி ஜன்னல் வைத்த ரயில்கள் இவை. பாதையில் பயணிக்க பாஸ் போதும், இருக்கைக்குத் தனிப் பணம். செர்மாட்டுக்கும் சென் மோரிட்ஸுக்கும் இடையே ஓடும் க்ளேசியர் எக்ஸ்பிரஸில் முன்பதிவு கட்டாயம், கோடையில் 50 பிராங்கை ஒட்டி வரும். இத்தாலியின் தீரானோ வரை போகும் பெர்னினா எக்ஸ்பிரஸிலும் முன்பதிவு கட்டாயம், கட்டணம் அதைவிடக் குறைவு. தீரானோ வரையில் பாஸ் செல்லும்.

ஆனால் இதே தண்டவாளத்தில் சாதாரண வட்டார ரயில்களும் ஓடுகின்றன, முன்பதிவே வேண்டாம். பெர்னினா பாதையில் நான் எப்போதும் அதைத்தான் சிபாரிசு செய்வேன். ஜன்னலை இறக்கிப் படம் எடுக்கும் வசதி அந்த வண்டிகள் சிலவற்றில் உண்டு, பனோரமா ரயிலின் மூடிய கண்ணாடியில் உங்கள் சட்டையின் பிம்பம்தான் படத்தில் விழும். பிடித்த ஊரில் இறங்கி அடுத்த வண்டியைப் பிடிக்கவும் முடியும்.

மோன்ட்ரூவிலிருந்து இண்டர்லாக்கனுக்கு வண்டி மாறாமல் வரும் கோல்டன்பாஸ் எக்ஸ்பிரஸ் 2022 டிசம்பரில் தொடங்கியது. வழியில் ஸ்வைசிம்மனில் தண்டவாள அகலம் மாறுகிறது, சக்கரங்களும் அங்கேயே அதற்கேற்ப மாறிக்கொள்ளும். படகும் ரயிலும் ஒரே பயணத்தில் வேண்டுமென்றால் கோட்டார்ட் பனோரமா எக்ஸ்பிரஸ். லூசெர்னிலிருந்து ஃபுளூலன் வரை படகு, அதன் பிறகு பழைய மலைப்பாதையில் லுகானோ வரை ரயில். ரயில் பகுதி முதல் வகுப்பு மட்டுமே, ஆகவே இரண்டாம் வகுப்பு பாஸ்காரர்கள் வித்தியாசமும் முன்பதிவுக் கட்டணமும் கட்ட வேண்டும்.

ரயில் மாற ஐந்து நிமிடம்தான் என்று செயலி காட்டுகிறது. முடியுமா?

முடியும். அட்டவணையே அப்படித்தான் போடப்பட்டிருக்கிறது. பெரிய நிலையங்களில் ரயில்கள் முழு மணியையும் அரை மணியையும் ஒட்டி ஒன்றாக வந்து சேரும், சில நிமிடங்களில் ஒன்றாகக் கிளம்பும். சுவிஸ் ரயில்வேயின் எஸ்பிபி செயலியில் நடைமேடை எண்ணும், உங்கள் வகுப்புப் பெட்டி எந்தப் பகுதியில் நிற்கும் என்பதும் இருக்கும். பெரிய பெட்டிகளோடு, வயதானவர்களோடு போகிறீர்கள் என்றால் அந்த ரயிலை விட்டுவிட்டு நிதானமாக அடுத்ததில் போங்கள், பாஸ்காரருக்கு எந்த ரயிலும் ஒன்றுதான்.

கவனிக்க வேண்டியது பிரியும் ரயில்களை. இண்டர்லாக்கன் ஓஸ்டில் கிளம்பும் மலை வண்டி ஸ்வைலூட்சினனில் இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி லாட்டர்புருன்னனுக்கும் மறு பாதி கிரிண்டல்வால்டுக்கும் போகும். ஏறும் முன் பெட்டியின் வெளியே எழுதியிருக்கும் ஊர்ப் பெயரைப் படியுங்கள்.

செயலி சொல்லும் வழியிலேயே போகலாமா?

அவசரம் என்றால் போகலாம். அது வேகமான வழியைத்தான் காட்டும், அந்த வழி பெரும்பாலும் மலைக்கு அடியில் போகும். 2016-இல் திறந்த கோட்டார்ட் அடித்தளச் சுரங்கம் 57 கிலோமீட்டர், 2007-இல் திறந்த லொச்பெர்க் சுரங்கம் ஏறக்குறைய 35. இருட்டைப் பார்க்க யாரும் சுவிஸ் போவதில்லை. தேடும்போது 'வழியாக' என்ற இடத்தில் கோட்டார்டுக்கு கோஷனன் என்றும், லொச்பெர்குக்கு காண்டர்ஷ்டெக் என்றும் போடுங்கள். பழைய பாதையில் நேரம் கூடும், பாஸ் இரண்டுக்கும் செல்லும்.

வட்டார பாஸ்கள் எடுக்கலாமா? யூரெயில்?

ஒரே பகுதியில் தங்குகிறவர்களுக்கு வட்டார பாஸ் அருமை. லூசெர்ன் சுற்றுவட்டாரத்துக்கு டெல் பாஸ் இருக்கிறது. டிராவல் பாஸில் பாதி விலை கேட்கும் பிலாட்டஸும் டிட்லிஸும் இதில் முழுதாக அடக்கம், ஏரிப் படகுகளும் உண்டு. இண்டர்லாக்கன் பக்கம் பெர்னர் ஓபர்லாண்ட் பாஸ். யூரெயில் பல நாடுகளுக்குப் போகிறவர்களுக்கானது. சுவிஸ் மட்டும் என்றால் வேண்டாம், ஏரிப் படகுகளில் அதற்குத் தள்ளுபடிதான் கிடைக்கும்.

விசா வருவதற்கு முன் பாஸ் வாங்கிவிடலாமா?

அவசரமே இல்லை. டிராவல் பாஸின் விலை தேதி நெருங்க நெருங்க ஏறுவதில்லை. சூரிச், ஜெனீவா விமான நிலைய ரயில் கவுண்டரில் இறங்கிய பிறகுகூட வாங்கலாம். முன்கூட்டியே எடுத்தால்தான் மலிவு என்பது, ஒரு நாள் முழுக்கச் சுற்ற உதவும் மலிவு நாள் பாஸுக்கும் குறிப்பிட்ட ரயிலுக்கான சூப்பர்சேவர் டிக்கெட்டுக்கும் பொருந்தும். நாள் பாஸ் ஆறு மாதத்துக்கு முன்பே விற்பனைக்கு வரும், கார்டு இல்லாதவர்களுக்கு 52 பிராங்கில் தொடங்கும். அவற்றில் பணம் திரும்ப வராது, எனவே விசா முத்திரை விழுந்த பிறகு எடுங்கள்.

பரிசோதனை எப்படி?

நிலையத்தில் தடுப்புக் கதவு கிடையாது, நேரே ஏறிவிடலாம். வண்டிக்குள் பரிசோதகர் வருவார், கைப்பேசியில் இருக்கும் சதுரக் குறியைக் காட்டினால் போதும். பாஸ் உங்கள் பெயரில் இருப்பதால் பாஸ்போர்ட்டையும் கேட்கலாம். டிக்கெட் இல்லாமல் பிடிபட்டால் அபராதம் 90 பிராங்கை ஒட்டி. ஒரு பாஸ் நாள் நள்ளிரவில் முடிந்துவிடாது, மறுநாள் காலை 5 மணி வரை செல்லும்.

பெட்டிகளோடு படகில் ஏறலாமா?

ஏறலாம், இடம் இருக்கும். ஆனால் ரிகிக்கும் இழுத்துக்கொண்டு போக வேண்டியதில்லை. பெரிய நிலையங்களில் லாக்கர் இருக்கிறது, கார்டில் பணம் கட்டலாம். ஊர் மாறும் நாளில் பெட்டியை ஒரு நிலையத்தில் கொடுத்து, இன்னொரு நிலையத்தில் இரண்டு நாள் கழித்து எடுத்துக்கொள்ளும் சேவையும் உண்டு. இடையில் ஒரு கைப்பையோடு பிரியென்ஸ் படகு, துன் படகு எல்லாவற்றையும் முடித்துவிடலாம். சாப்பாட்டைப் பொறுத்தவரை ரயிலில் கட்டுச்சோறு பிரிப்பதை யாரும் தடுக்க மாட்டார்கள். படகில் மட்டும், விரித்த மேசைத்துணி தெரிந்தால் அது உணவகப் பகுதி, அங்கே உட்காராமல் திறந்த தளத்துப் பலகைக்குப் போய்விடுங்கள்.